பெரிய எழுத்தை மட்டும் படித்தேன்

அன்பு மகள் திருப்புளிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு பேனா மூடியைத் திறக்கிறேன். உறைமேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருப்பாய். நான்தான். உன் சொந்தப் பெயரை எழுதாமல் மில்லில் எல்லோரும் உனக்கு வைத்த பட்டப்பெயரை எழுதியிருக்கிறேன், எப்போதும் இடுப்பில் திருப்புளியைச் செருகிக்கொண்டு திரிந்தவள்தானே நீ, எனக்கும் அதுதான் வாயில் வருகிறது, இப்போது கையிலும் வருகிறது. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் இல்லை. அவர் நல்ல மனிதர், ஒன்பது வருஷமாக ஒரு காசு வாங்காமல் எனக்காக உனக்கு எழுதினார், ஆனால் நான் சொல்வது ஒரு படி என்றால் அவர் எழுதுவது ஒரு கரண்டி. மீதி எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் மனசுல இருக்கிறதுங்க, கடிதத்துல எதுக்கு" என்று சொல்லி மாத்திரை அட்டையை வெட்டப் போய்விடுவார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'மற்றவை நேரில்' என்று முடிப்பார். அந்த 'நேரில்' ஒன்பது வருஷமாக வரவில்லை, மற்றவையெல்லாம் என்னிடமே கிடக்கின்றன. இந்த முறை நானே எழுதுகிறேன், கரண்டி கிடையாது, படியாகவே அளக்கப் போகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, லெட்டர் எழுதுறீங்களா கிணறு வெட்டுறீங்களா, இந்த வேகத்துல போனா இது போய்ச் சேரும்போது அவளுக்குப் பென்சனே வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொல்வதும் நியாயம்தான், ஆனால் வேகமாக எழுதினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விடுகிறேன் என்று நீ அங்கே எழுதிக் கொடுத்த தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இந்த மாதக் கடைசியோடு உனக்கு அங்கே வேலை முடிகிறது என்று சொன்னாய். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது, அது என் வாயில் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. பக்கத்துத் தெரு நர்ஸ் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை உன் ஊருக்கே விமானம் ஏறுகிறாள், சனிக்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்று திங்கள். கப்பல் வரத் தாமதம், கொட்டகையில் பிரிக்கப் பழைய துணிப் பொதி இல்லை, அதனால் எனக்கு மூன்று நாள் இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் எழுதுகிற இந்த நோட்டைப் பார், அட்டையில் ஒரு கொடியும் இரண்டு கை குலுக்குகிற படமும் இருக்கும், அதன்கீழே 'அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருக்கும். நான் யார் துணையும் இல்லாமல் என் வாழ்க்கையில் படித்த முதல் வாக்கியம் அதுதான். படித்த இடம் கடைத்தெரு, பேரம் பேசி விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது. கடைக்காரனிடம், தம்பி இது விற்பனைக்கு அல்ல என்று போட்டிருக்கிறதே என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது நோட்டோட பேருங்க" என்றான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அந்த வரி என் கண்ணில் படுகிறது, பால்பவுடர் டப்பாவில், எண்ணெய்த் தகரத்தில், கொசுவலையில். இத்தனை வருஷம் இத்தனை அன்பளிப்புக்கு நடுவில் இருந்திருக்கிறேன், படிக்கத் தெரியாததால் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறேன். எங்கள் மாலை வகுப்பும் அதே கொடிக்காரர்கள் கொடுத்த பணத்தில்தான் நடந்தது, கொட்டகையின் மாடி அறையில், உன் வயதுடைய ஒரு டீச்சரை வைத்து. எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்து முடித்து, அடுத்த வாரம் கணக்கு என்று டீச்சர் சொன்ன அன்றைக்குத் திட்டத்துக்கு ஆண்டு முடிந்துவிட்டது, பணம் நின்றுவிட்டது. பட்டனக்கா சொன்னாள், "நாம படிச்சாப் பரவால்லயாம், கணக்குப் பாத்துடக் கூடாதாம்" என்று. பட்டனக்காவை உனக்குத் தெரியாது, நீ போனபிறகு வந்தவள், என்னோடு துணி பிரிக்கிறவள், உதிர்ந்த பட்டனையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வாள், நாக்கு மட்டும் ஊசி. டீச்சர் இப்போது சம்பளம் இல்லாமல் வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். பழைய செய்தித்தாளைத்தான் பாடமாக வைக்கிறாள்.

பொதியைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், எங்கள் பக்கம் வந்தபிறகு அது என்ன ஆகிறது என்று, போனில் சொல்ல வராது. நீ அங்கே கட்டுகிறாய், நான் இங்கே பிரிக்கிறேன், நடுவில் ஒரு கடல். அந்த ஊர்க்காரர்கள் தெருமுனைப் பெட்டியில் போடுகிற துணியைத் தரம் பார்த்து நீங்கள் அழுத்தி இரும்புப் பட்டை போட்டு அனுப்புகிறீர்கள். நான் கத்தரியால் அந்தப் பட்டையை வெட்டினால் பொதி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு உப்பும், யாரோ ஒருவர் வீட்டு அலமாரி வாசம் அடிக்கும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வருவதோ பாதிக்குப் பாதி பனிக்கோட்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், ஆனால் இது தானமாகப் புறப்பட்டு விலைக்கு விற்கிற மாடு ஆகித்தானே இங்கே வந்து சேர்கிறது, அதனால் நாங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். நல்லது ஒரு பக்கம், தைத்தால் தேறுவது ஒரு பக்கம், எந்திரம் துடைக்கிற கந்தை ஒரு பக்கம். இருபத்தாறு வருஷம் மில்லில் பஞ்சுப்பொதி பிரித்த கை இது, சும்மா இருக்குமா. ஒருநாள் ஒரு சட்டையின் உள்தையலில் ஒரு நூலை உருவி முறுக்கை அவிழ்த்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். நம் பஞ்சு. சத்தியமாக நம் பஞ்சு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் விளைகிறதே, அந்த நீளமும் அந்த வழுக்கலும் வேறு எதற்கும் வராது. பட்டனக்காவிடம் காட்டினேன். அவள், "பாத்தீங்களாண்ணே, பஞ்சா இருந்தப்ப நம்மது, சட்டையா இருந்தப்ப அவங்களது, கிழிஞ்சப்புறம் மறுபடியும் நம்மது" என்றாள். நம் பஞ்சு போகும்போது என்ன விலை என்பதையும் அவர்கள்தான் சொல்கிறார்கள், திரும்பி வரும்போது என்ன விலை என்பதையும் அவர்கள்தான் சொல்கிறார்கள். நடுவில் அதை நூலாக்கித் துணியாக்குகிற வேலை நம் மில்லில் இருந்தது, இந்தப் பொதி வந்து விலையை உடைத்தபிறகு அதுவும் மூடிப்போயிற்று. அது மூடியதால்தான் நீ போனாய்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. பொதிக்குள் கட்டியவர்களின் எண் போட்ட துண்டுச்சீட்டு ஒன்று இருக்குமே, உன் எண் நாற்பத்தொன்று என்று எப்போதோ சொன்னாய். படிக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பொதியிலும் அந்தச் சீட்டைத்தான் முதலில் தேடுகிறேன். உங்கள் கொட்டகைச் சரக்கு வேறு தேசத்துக்குப் போகிறது, இங்கே வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய், தெரியும், தெரிந்தும் தேடுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பொதியில் நாற்பத்தொன்று இருந்தது. எல்லாக் கொட்டகையிலும் ஒரு நாற்பத்தொன்று இருக்கும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பொதியை யாரையும் தொடவிடாமல் நானே பிரித்தேன். மடிப்பெல்லாம் நேராக இருந்தது. நீ சின்ன வயதில் சீருடையை மடிப்பாயே, அந்த மாதிரி. அன்றைக்கு முழுக்க எனக்குப் பசியே தெரியவில்லை. முதலாளி வந்து, "என்ன பெரியவரே, ஒரு பொதிக்கு ஒரு நாளா, துணி பிரிக்கிறீங்களா பொண்ணு பாக்குறீங்களா" என்று கேலி பேசினார். பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நான் சொல்லவில்லை.

இன்று செவ்வாய். நேற்று இந்த இடத்தோடு கை வலித்துவிட்டது. இனி அறிவிப்பு விஷயம்.

சந்தை முகப்பில் இருக்கிற பலகையில் அரசாங்கம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. கொட்டகை ஆட்கள் அத்தனை பேரும் திரண்டு போனோம். வழக்கமாக மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு யாரோ, "அதான் நம்ம அண்ணனே இப்ப படிக்கிறாரே" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். ஒரு பொதியைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் என்னை ஏற்றிவிட்டார்கள். மேலே பெரிய எழுத்தில் மூன்று வரி. பழைய துணி இறக்குமதிக்கு வரும் ஆண்டு முதல் தடை. மூடிய நூற்பாலை மீண்டும் திறக்கப்படும். முன்பு வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை. இதைப் படிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது, ஒரு ஆள் நகரவில்லை. முடித்ததும் பாதிப்பேர் கை தட்டினார்கள், பாதிப்பேர் முகம் தொங்கிவிட்டது, பொதி வராவிட்டால் கொட்டகை மூடும், மில்லு திறக்கிறவரைக்கும் எதைச் சாப்பிடுவது என்று ஒரு பெண் கேட்டாள். நான் வேறு உலகத்தில் இருந்தேன். மில்லு திறந்தால் எந்திரம் ஓடவேண்டும், எந்திரம் ஓடவேண்டுமானால் ஃபிட்டர் வேண்டும், அந்த எந்திரங்களின் குடலைக் கையால் தடவியே நோய் சொல்லுகிற ஃபிட்டர் ஒருத்திதான், அவள் கடல்தாண்டிக் கோட்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். இதுதான் என் தலைக்குள் ஓடியது. பெரிய எழுத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது, எறும்பு வரிசைபோல் சின்ன எழுத்து. பார்த்தேன். பார்க்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு, கைதட்டல் வேறு, சின்ன எழுத்தெல்லாம் ஆபீஸ்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு பொதியைவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ, "நிஜமாவாப்பா, நீங்களே படிச்சீங்களா" என்று கேட்டாய். நானே படித்தேன் என்று சொன்னேன். நீ சிரித்தாய். ஒன்பது வருஷத்தில் போனில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை, மில்லில் ஓடாத எந்திரத்தை ஓடவைத்துவிட்டு எண்ணெய்க் கையோடு சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. அடுத்த ஞாயிறு கூப்பிட்டு, தாள் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். அடுத்த வருஷம் கிடைக்கவேண்டிய நிரந்தரக் குடியிருப்புக் காகிதம் வேலையை விட்டால் கிடைக்காதே என்று நான் இழுத்தேன். "போனாப் போகுதுப்பா, அங்கதான் நம்ம மில்லு இருக்கே" என்றாய்.

மகளே, மில்லு திறக்காது.

அந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். அந்தச் சின்ன எழுத்தில் என்ன இருந்தது தெரியுமா. இந்த ஆணை, கடன் கொடுத்த நாடுகளோடு நடக்கும் பேச்சின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று இருந்தது. பேச்சு முடிந்துவிட்டது. டீச்சர் செய்தித்தாளை வைத்து எங்களுக்குச் சொன்னாள். எங்கள் பழைய துணியை நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் பஞ்சின்மேலும் நீங்கள் தைத்து அனுப்புகிறதன்மேலும் நாங்கள் வரி போடுவோம், கடனில் அடுத்த தவணையும் வராது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்தக் கடன் என்று கேட்டேன். நீ பிறந்த வருஷம் ஆற்றுக்குக் குறுக்கே கட்டினார்களே அந்தப் பாலம், அதற்கு வாங்கின கடன்தான் வளர்ந்து வளர்ந்து இதுவரை வந்திருக்கிறதாம். அந்தப் பாலத்தை மூன்று தடவை கட்டுகிற அளவுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதாம், அசல் அசையவில்லையாம், வட்டியைக் கட்ட மறுபடி கடன் வாங்கினார்களாம். டீச்சர் கரும்பலகையில் பாலத்தை வரைந்து, அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு பாலம் வரைந்து காட்டினாள். பட்டனக்கா, "ஒத்தப் பாலத்துல போறதுக்கு மூணு பாலத்துக்குச் சுங்கமா டீச்சர்" என்று கேட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னைக் கேட்டால் கடன் கொடுத்தவன் வட்டி கேட்கட்டும், அது முறை, ஆனால் நம் வீட்டு அடுப்பில் எதை ஏற்றலாம் எதை இறக்கலாம் என்றும் அவனே சொன்னால் அது யார் வீடு. அவர்களும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, பழைய துணியைப் பெட்டியில் போடுகிற அந்த ஊர் அம்மா நாலு பேருக்கு உதவட்டும் என்றுதான் போடுகிறாள், சில கோட்டுகளை இஸ்திரி போட்டே அனுப்புகிறாள், எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அவளுக்கு நம் மில்லு தெரியாது. நம் மந்திரிமார் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது கீழே இருந்ததைப் படித்தார்களா என்று எனக்கு முதலில் கோபமாக வந்தது. பிறகு கோபம் போய்விட்டது. நான் யார் அதைக் கேட்க. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையாக, ஒரு தாளில் பாதியைப் படித்துவிட்டு உன் வேலையை எறியவைத்தவன் நான்.

அறிவிப்பின்மேலேயே புது அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள், முந்தைய ஆணை திரும்பப் பெறப்படுகிறது என்று. இந்தத் தடவை யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நானே நின்று மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று ஞாயிறும் சொல்லத்தான் போனை எடுத்தேன். முதல் ஞாயிறு நீ பெட்டி வாங்கின கதையைச் சொன்னாய். இரண்டாம் ஞாயிறு கூட வேலை செய்கிறவர்கள் உனக்கு விருந்து வைக்கப் போவதைச் சொன்னாய். நேற்று முன்தினம், மூன்றாம் ஞாயிறு, வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு வாரம் தூங்கப் போகிறேன், எழுப்பாதீங்க என்றாய். நான் ஒவ்வொரு தடவையும் அங்கே மழையா என்று கேட்டேன். நீ வந்து இறங்கினபிறகு தெரிந்துகொள்ளட்டும், வந்துவிட்டால் திரும்பப் போகமுடியாது, எப்படியோ இங்கேயே இருந்துவிடுவாள் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. அப்பன் இப்படியும் நினைப்பானா என்று நீ நினைப்பாய், நினைத்தேன். வாயால் பேசுகிறபோது பொய் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. எழுதும்போது அப்படி இல்லை, ஒரு பொய்யை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. நேற்று இந்தக் கடிதத்தையே 'மில்லு வேலை நன்றாக நடக்கிறது' என்றுதான் ஆரம்பித்தேன், 'மில்லு' என்பதைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்று புதன். நேற்று சாயங்காலம் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இத்தனை பக்கம் என்னதான் எழுதுறீங்க, படிங்க கேப்போம்" என்றாள். ஆரம்பத்திலிருந்து படித்தேன். நாற்பத்தொன்று வந்த இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறிவிப்பு வந்தது, போன் போட்டது வந்தது. அதோடு நிறுத்திவிட்டு, மிச்சம் இன்னும் எழுதவில்லை என்றேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மில்லு தெறக்காதுன்னு எழுதலியா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "தண்ணிக் குழாயில பட்டனக்கா சொன்னா, ரெண்டு வாரமாச்சு." தெரிந்துமா அவள் வருவாள் என்று பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாய் என்று கேட்டேன். "நீங்க தெரிஞ்சும்தான சுண்ணாம்பு கலக்கிக் குடுத்தீங்க" என்றாள். பின்னறையை நீ பார்க்கவேண்டும், சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, உன் கருவிப்பெட்டிக்கு ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறேன், ஜன்னலுக்கு அம்மா ஒரு நல்ல துணியாகப் பார்த்து வாங்கித் தைத்திருக்கிறாள், கொட்டகைத் துணி இல்லை, கடையில் வாங்கியது. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒருத்தரையொருத்தர் ஏமாற்றிக்கொண்டு அந்த அறையைக் கட்டினோம். நேற்றுதான் அதற்குள் முதல்தடவையாகச் சேர்ந்து உட்கார்ந்தோம். அம்மா சொன்னாள், "உண்மைய எழுதிடுங்க. ஆனா வான்னும் எழுதாதீங்க, வராதன்னும் எழுதாதீங்க, அவளுக்குத் தெரியாதா." அம்மா சொன்னது சரிதான். ஆனால் அப்படி விட்டால் நீ எங்கள்மேல் இருக்கிற பாசத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. வந்து என்ன செய்வாய், என்னோடு கத்தரி பிடித்து அங்கே நீ கட்டினதை இங்கே பிரிப்பாய். அதற்கு நான் உன்னைப் பெறவில்லை. அதனால் அம்மா பேச்சை மீறி நான் எழுதுகிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியாதது இந்த ஒரு வரிக்கு வசதி. இப்போது வராதே. குடியிருப்புக் காகிதத்தைக் கையில் வாங்கு, அது இருந்தால் போகவும் வரவும் உனக்கு வாசல் திறந்திருக்கும், பழைய கோட்டுக்கு இருக்கிற வழி உனக்கும் இருக்கவேண்டும். அதற்கப்புறம் ஒரு மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு வா, ஒரு வாரம் தூங்கு, நான் எழுப்பமாட்டேன்.

நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமலா இதை எழுதுகிறேன் என்று கேட்காதே. இத்தனை பக்கத்தில் நான் எழுதத் துணியாத வரி அது ஒன்றுதான். அதை எழுதிவிட்டால் கீழே எழுதவேண்டியதை எழுதமாட்டேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். அழுத்துகிற எந்திரத்தின் பக்கத்தில் முடியை அவிழ்த்துவிட்டு நிற்காதே, அது உன் பேச்சைக் கேட்கிற எந்திரம் இல்லை. நர்ஸிடம் அம்மா உனக்கு ஒரு சின்னப் பை கொடுத்து அனுப்புகிறாள், அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லவில்லை. பையைக் கொண்டுவந்த நர்ஸுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பு. உன் கைக்கு வேலையும் உன் வேலைக்கு மரியாதையும் எப்போதும் இருக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கைக்கு வருகிறது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, கோட்டைக்கூடக் கழற்றாமல், உன் மேற்பார்வையாளரிடம் போய் அந்தத் தாளைத் திரும்ப வாங்கு. கூச்சப்படாதே, எங்கப்பாவுக்குப் படிப்பு புதுசு, அவசரப்பட்டுவிட்டார் என்று சொல், அவர்களுக்கும் அப்பா இருப்பார். வாங்கினதும் ஞாயிறுவரை காத்திருக்காமல் அன்றைக்கே எனக்குப் போன் போட்டு வாங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் சரிம்மா என்று மட்டும் சொல்லுவேன். என் குரல் எப்படி இருந்தாலும், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிடு.

இப்படிக்குத் தன் கையால் எழுதி முடித்த
உன் அப்பா